கடைசி அணிக்கு முதல் பந்தி

என் வீட்டு அடுக்களையில் ஓர் எவர்சில்வர் தட்டு இருக்கிறது. மகா சன்னமான தகடு. சூடான சோறு விழுந்தால் கையில் பிடிக்க முடியாது, மடியில் வைக்கவும் முடியாது. அடிப்பக்கம் நெளிந்திருப்பதால் தரையில் வைத்தால் குழம்பு ஒரு பக்கமாக ஓடிவிடும். விளிம்பில் திருவனந்தபுரம் ‘சாலை’க் கடைத்தெருவிலுள்ள ஒரு பாத்திரக்கடையின் பெயர் வெட்டியிருக்கிறது. எழுத்துகள் தேய்ந்து மங்கிவிட்டாலும் விரலால் தடவினால் படிக்கலாம். இதைப் பழைய சாமான்காரரிடம் போடப் பல வருடங்களாக முயன்ற என் மனைவி, இப்போது என்னையும் தட்டையும் சேர்த்தே போட்டுவிடலாம் என்ற முடிவுக்கு வந்திருக்கிறாள். வீட்டில் கனமான நல்ல தட்டுகள் இருக்கும்போது இதில்தான் சாப்பிடுவேன் என்று ஒருவன் அடம்பிடித்தால் அவளும்தான் என்ன செய்வாள். போன ஞாயிற்றுக்கிழமை அதை நானே புளி போட்டுத் தேய்த்து, பையில் வைத்து, எங்கள் லீக்கின் ஆண்டுக் கூட்டத்துக்குக் கொண்டுபோனேன். ஏன் கொண்டுபோனேன் என்று சொல்ல வேண்டுமானால் செக்ரட்டரியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நான் போனக்காட்டுக்காரன். தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து, கோல்போஸ்டுக்கு நடுவே நின்று பிழைத்தவன். திருவனந்தபுரத்தில் வியாபாரிகள் சேர்ந்து தொடங்கிய, அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் கால்பந்து லீக்கில், எங்கள் மலை அணிக்குச் சம்பளம் வாங்கி ஆடிய கீப்பர். இன்று அதே லீக்குக்குச் செயலாளராக இருக்கிறேன். ஆனாலும் யாராவது ‘செக்ரட்டரி’ என்று கூப்பிட்டால் நான் திரும்பிப் பார்ப்பதில்லை. அந்தப் பெயர் எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்த அம்மையாருக்கு உரியது. சாலைக் கடைத்தெருவில் பிறந்து வளர்ந்தவர், பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். அரசு அலுவலகம் ஒன்றில் வேலை. இளம் வயதில் வாலிபால் ஆடியவர் என்பதால் நல்ல உயரம். பேசும்போது நம் தலைக்கு மேலே எங்கோ பார்ப்பார். வலைக்கு அந்தப் பக்கம் எவன் எங்கே நிற்கிறான் என்று பார்த்த பழக்கம் இன்னும் போகவில்லை என்று நாங்கள் கேலி செய்வோம். அணி முதலாளிகளுக்குள் ஒருவர்மேல் ஒருவருக்கு நம்பிக்கை கிடையாது. யாரை வைத்தாலும் சண்டை வரும் என்பதால் பொதுவாக இவரைப் பிடித்து உட்கார வைத்தார்கள். சொன்னபடி கேட்பார் என்றும் நினைத்திருக்க வேண்டும். அது அவர்கள் செய்த முதல் தப்புக் கணக்கு.

அந்தக் காலத்தில் லீக் எப்படி இருந்தது என்பதை மைதானத்து வாசலில் கப்பலண்டி, அதாவது நிலக்கடலை, வறுத்து விற்றவரிடம்தான் கேட்க வேண்டும். பாத்திரக்கடை அணி ஆடும் நாளில் அவர் இடைவேளையோடு அடுப்பை அணைத்துவிட்டுக் கிளம்பிவிடுவார். ஜனம் அதற்கு முன்பே எழுந்துபோயிருக்கும். முடிவு முன்கூட்டியே தெரிந்த ஆட்டத்தைப் பார்க்க வெயிலில் எவன் உட்கார்ந்திருப்பான்? பாத்திரக்கடை முதலாளி கெட்டவர் இல்லை. தாராளமான கை, உரத்த குரல், தோற்றால் இரண்டு நாள் கடைக்கு வராத பிடிவாதம். அவருக்கு எதிராக எவன் நன்றாக ஆடினாலும் அடுத்த வருடம் அவன் அவருடைய சட்டையைப் போட்டுக்கொண்டு ஆடுவான். அவனுக்கு ஆட இடமே இல்லாவிட்டாலும் சம்பளம் கொடுத்து வெளியே உட்கார வைப்பார். எங்களை அடிக்க ஆள் இருக்கக் கூடாது என்பதுதான் அவருடைய கொள்கை. அது நிறைவேறிக்கொண்டும் இருந்தது.

எங்கள் அணிக்கு முதலாளி என்று ஒருவர் கிடையாது. லயத்துக்காரர்களும் விதுராவில் சில கடைக்காரர்களும் சேர்ந்து ஒரு கமிட்டி நடத்தினார்கள். மலையிலிருந்து பஸ் பிடித்து இறங்கி, வாங்க வேண்டியதை வாங்கிக்கொண்டு, அடுத்த பஸ்ஸில் ஏறுவோம். வாங்குவது என்று நான் சொல்வது கோலை. ஒரு சீசனில் பாத்திரக்கடை அணி எங்கள் வலையைக் கிழிக்காத குறையாக அடித்துத் தள்ளிய மறுநாள், கமிட்டித் தலைவர் லயத்து முற்றத்தில் எல்லாரையும் நிற்க வைத்துப் பேசினார். “அடி வாங்கத்தானே பஸ்ஸுக்குக் காசு குடுத்துப் போறீங்க? இன்னும் ஒரு வருசம் பாப்போம். அப்பவும் கடைசிதான்னா டீம் வேணாம்.” அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் எனக்கு அந்த டீம் வேண்டும். நகரத்தில் எங்களை எஸ்டேட்டுக்காரன் என்பார்கள், தமிழன் என்பதால் பாண்டி என்பார்கள், சிலர் ஒன்றுமே சொல்லாமல் கையைத் தட்டிக் கூப்பிடுவார்கள். மைதானத்து ஒலிபெருக்கி மட்டும்தான் ‘போனக்காடு’ என்று எங்கள் ஊர்ப் பெயரை மரியாதையாகச் சொன்னது. அது நின்றுவிடக் கூடாது என்பதைத் தவிர எனக்கு அப்போது வேறு வேண்டுதலே இல்லை.

அந்தச் சமயத்தில்தான் செக்ரட்டரி சம்பளத்துக்கு உச்சவரம்பு வைக்க வேண்டும் என்று கிளம்பினார். எந்த அணியும் ஒரு சீசனுக்கு மொத்தச் சம்பளமாக இவ்வளவுக்கு மேல் செலவழிக்கக் கூடாது. எல்லாரும் அதை ‘லிமிட்’ என்றுதான் சொன்னோம். முதலாளிகள் கொதித்தார்கள். கடைக்கு எவ்வளவு சரக்கு எடுக்கலாம் என்று எவனாவது எங்களுக்குச் சொல்ல முடியுமா என்று கேட்டார்கள். செக்ரட்டரி அவர்களுடைய பாஷையிலேயே பதில் சொன்னார். “பக்கத்துக் கடை பூட்டினா உங்களுக்கு ரெண்டு வாடிக்கை கூட வரும். பக்கத்து டீம் பூட்டினா நீங்க யாரோட ஆடுவீங்க? உங்க பிள்ளைய ரெண்டு பக்கமும் நிக்க வச்சு ஆடுவீங்களா? இந்த யாவாரத்தில எதிராளி நல்லாயிருந்தாத்தான் நமக்குக் கஞ்சி, கேட்டேளா.” வியாபாரிகளுக்கு இது சுருக்கென்று தைத்தது. வசூல் குறைந்துகொண்டே வருவது அவர்களுக்கும் தெரியும்.

அவர்களைவிட எனக்குத்தான் அதிகக் கோபம். ஆட்டக்காரர்கள் சார்பில் கூட்டத்தில் உட்கார என்னைத்தான் அனுப்பியிருந்தார்கள். எழுந்து கேட்டேன். வெண்கலப் பானைக்கும் அரிசி மூட்டைக்கும் உச்ச விலை வைக்காத ஊரில் எங்கள் காலுக்கு மட்டும் ஏன்? பந்தாட்டக்காரன் உழைப்பது கொஞ்ச வருடம். முட்டி போனால் அப்புறம் அவனை யார் கேட்பார்கள்? முதலாளிகள் மிச்சம் பிடிப்பதற்கு எங்கள் சம்பளமா கிடைத்தது? ரொம்பச் சத்தமாகக் கேட்டேன் என்று நினைக்கிறேன், வெளியே டீ கொண்டுவந்தவர் உள்ளே வராமல் நின்றுவிட்டார். செக்ரட்டரி முதல் முறையாக என் தலைக்கு மேலே பார்க்காமல் என் முகத்தைப் பார்த்தார். “நீ சொல்லுததும் நியாயந்தான். அதுக்கு என்ன செய்யணும், அதையும் சொல்லு” என்றார். எனக்குத் திட்டத் தெரிந்த அளவுக்கு யோசனை சொல்லத் தெரியாது. வாயில் வந்ததைச் சொன்னேன். “மேல ஒரு கோடு போட்டா கீழயும் ஒரு கோடு போடுங்க. அதுக்குக் கொறஞ்சு எவனுக்கும் சம்பளம் குடுக்கக் கூடாது. கேட் வசூல் கூடினா அதுல எங்களுக்கும் பங்கு வேணும்.” அவர் தலையசைத்தார். இரண்டையும் விதியில் சேர்க்காமல் லிமிட்டைச் சேர்க்க மாட்டேன் என்று முதலாளிகளோடு மல்லுக்கு நின்று வாங்கிக் கொடுத்தார். அவரோடு நான் கடைசிவரை சண்டை போட்டிருக்கிறேன். ஆனால் அன்றைக்குப் பிறகு அவரை நம்பாமல் இருந்ததில்லை.

விதிகளைப் படித்து முடிக்கும் நேரத்தில் அரிசிக்கடை அணியின் முதலாளி சாதாரணமாக ஒரு கேள்வி கேட்டார். “சாப்பாடு இதில சேராதுல்லா?” எல்லாரும் சிரித்தார்கள். செக்ரட்டரியும் சிரித்தபடி, “அதெப்படிச் சேரும்?” என்றார். சாலையில் அப்படித்தான். கடையில் வேலைக்கு நிற்பவர்களுக்கு மத்தியானச் சோறு முதலாளி வீட்டிலிருந்து வரும். அதைச் சம்பளத்தில் கழிப்பது என்பதை அங்கே யாரும் கனவில்கூட நினைக்க மாட்டார்கள். போட்ட சோற்றைக் கணக்குப் பார்த்தான் என்ற பேச்சு வந்தால் அந்த வியாபாரி தெருவில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. ஆகவே உணவுச் செலவு லிமிட்டில் வராது என்று ஒரே மனதாக எழுதிக்கொண்டார்கள். வேறு எந்த ஊரிலாவது ஒருவராவது யோசித்திருப்பார். அங்கே இருந்தவர்கள் அத்தனை பேரும் சாலைச் சோறு தின்றவர்கள்.

பாத்திரக்கடை முதலாளிக்கு மட்டும் அது கொஞ்ச நாளில் விளங்கிவிட்டது. அடுத்த சீசனுக்கு ஆள் எடுக்கும் மாதத்தில் என்னைக் கடைக்கு வரச் சொன்னார். அண்டாக்களும் குத்துவிளக்குகளும் அடுக்கியிருந்த மாடிக்கு அழைத்துப்போய் ஸ்டூலில் உட்கார வைத்தார். “லிமிட்ல உனக்கு என்ன தர முடியுமோ அதைத் தாரேன். பெறகு சாப்பாடு நம்ம செலவு.” பழவங்காடிப் பக்கம் ஒரு வீடு பிடித்துத் தருவாராம். சாப்பிட ஓர் இடம் வேண்டாமா, அதனால் அது சாப்பாட்டுச் செலவு. சாப்பாட்டுக்கு வந்துபோக ஒரு பைக். அதுவும் சாப்பாட்டுச் செலவு. வீட்டில் அப்பா அம்மாவுக்கும் பசிக்கும் அல்லவா, அவர்களுக்கு மாதாமாதம் ஒரு தொகை. அவர் சொல்லச் சொல்ல எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு அப்பாவின் நினைப்பு வந்தது. அப்பாவுக்கு அப்போது இழுப்பு. மலைக் குளிரிலிருந்து அவரைக் கீழே கொண்டுவர வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த வீடு வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன், இன்றைக்கும் அதைச் சொல்ல எனக்குக் கூச்சம் இல்லை. ஆனால் நான் போனால் மலை அணிக்கு கீப்பர் கிடையாது. எங்கள் முன்வரிசைப் பையனையும் அவர் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தார். நாங்கள் இரண்டு பேரும் போனால் கமிட்டித் தலைவர் இன்னொரு வருடம் காத்திருக்கத் தேவையில்லை, அன்றைக்கே டீமைக் கலைத்துவிடலாம்.

யோசித்துச் சொல்கிறேன் என்று இறங்கி நேராக மைதானத்துக்குப் போனேன். செக்ரட்டரி ஆபீஸ் விட்டு வந்து, புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு சுண்ணாம்புக் கோடு போடுவதை மேற்பார்வையிட்டுக்கொண்டிருந்தார். “பாத்திரக்கடையில என்னைச் சாப்பிடக் கூப்பிட்டிருக்காங்க” என்றேன். போய்ச் சாப்பிட வேண்டியதுதானே என்றார். சாப்பாட்டில் வீடும் பைக்கும் இருப்பதைச் சொன்னேன். கோடு போடுகிறவரை நிற்கச் சொன்னார். பிறகு அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “நான் சாலையில பிறந்தவ. அன்னைக்கு எனக்கே தோணலை பாரு” என்றார். சிரிப்பு அடங்கியதும் கேட்டார். “கீப்பரே, எனக்கு ஒரு வாரம் தருவியா? அது கழிஞ்சும் நீ போறதுன்னா போ, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.” தருகிறேன் என்றேன். வேண்டாம் என்று சொல்லும் வீரம் எனக்கு இல்லை, ஒரு வாரம் பொறுக்க முடியும், அவ்வளவுதான்.

அந்த வாரத்தில் நடந்த முதலாளிகள் கூட்டத்தை நான் மறக்க மாட்டேன். விதியில் சாப்பாட்டையும் சேர்க்கப்போகிறார் என்று நினைத்துப் பாத்திரக்கடை முதலாளி தயாராக வந்திருந்தார். உட்காரும் முன்பே தொடங்கிவிட்டார். “வீட்டுக்கு வந்த பிள்ளைக்குச் சோறு போடாதேன்னு சொல்ல எவருக்கு அதிகாரம் இருக்கு? எங்க அப்பன் காலத்திலேருந்து எங்க வாசல்ல எவனும் பசியோட போனதில்லை.” மற்றவர்களும் ஆமாம் என்றார்கள். அந்த ஊரில் அதற்கு எதிராகப் பேச முடியாது. செக்ரட்டரி எதிராகப் பேசவில்லை. முதலாளி முழுவதும் சொல்லி முடிக்கும்வரை கேட்டுவிட்டு, “போடாதீங்கன்னு யாரு சொன்னா? போடுங்க. எல்லாப் பிள்ளைக்கும் போடுங்க” என்றார். லீக் ஒரு பொதுச் சமையல் வைக்கும். எல்லா அணியும் அங்கேதான் சாப்பிடும். சோறு போட விரும்புகிறவர்கள் அங்கே அரிசியாகவும் பருப்பாகவும் அனுப்பலாம், அளவு கிடையாது, கணக்கும் கிடையாது. வெளியே போடும் சாப்பாடு மட்டும், வீடோ பைக்கோ எதுவானாலும், சம்பளமாக எடுத்துக்கொள்ளப்படும். “உங்க வாசல்ல எவனும் பசியோட போனதில்லைன்னு சொன்னீங்கல்லா முதலாளி. போனக்காட்டுப் பிள்ளை ஆட்டம் முடிஞ்சு பட்டினியாத்தான் பஸ் ஏறுது. அதுக்கும் பசிக்கும்.” அறையில் எல்லாரும் பாத்திரக்கடை முதலாளியையே பார்த்தார்கள். அத்தனை பேர் முன்னால் அப்பாவின் பெயரைச் சொல்லிப் பேசியவர் இனி எப்படிப் பின்வாங்குவார்? அவர் முகத்தில் கோபமும் ரோஷமும் மாறி மாறி வந்தன. கடைசியில், “அரிசிக்காரர் அரிசி அனுப்பட்டும். பாத்திரமும் தட்டும் என் கடையிலேருந்து வரும். என் கடைப் பேர் வெட்டித்தான் வரும்” என்றார். வெட்டுங்கள் என்றார் செக்ரட்டரி.

எங்கள் மலை அணியில் நான் இருந்துவிட்டேன். அப்பாவை உடனே கீழே கொண்டுவர முடியவில்லை. கீழே போட்ட கோடும் கேட் வசூலில் கிடைத்த பங்கும் சேர்ந்து அடுத்த ஆண்டுதான் நெடுமங்காட்டுப் பக்கம் ஒரு சின்ன வீடு வாடகைக்கு எடுத்தேன். அந்த இடைப்பட்ட குளிர்காலத்தில் அவர் மூச்சுக்குத் திணறிய ஒவ்வொரு முறையும் செக்ரட்டரியை மனதுக்குள் திட்டினேன். ஒருமுறை நேரிலும் திட்டினேன். திட்டு என்று நின்று கேட்டுக்கொண்டு, மறுநாள் மெடிக்கல் காலேஜில் தெரிந்த டாக்டரிடம் அப்பாவை அழைத்துப்போனார். லிமிட்டைப் பற்றி அவர் ஒரு வார்த்தை விட்டுக்கொடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் சும்மா கிடந்த ஒரு கொட்டகையில் சமையல் தொடங்கியது. முதல் நாளே தட்டு விஷயம் வெளிப்பட்டது. முதலாளி இரண்டு விதமான தட்டு அனுப்பியிருந்தார். அவருடைய பையன்களுக்குக் கனமானது, மற்றவர்களுக்குச் சன்னமானது. மனிதரின் ரோஷம் முழுதாக அடங்கவில்லை. செக்ரட்டரி இரண்டையும் கலந்து ஒரே அடுக்காக அடுக்கினார். வருகிறவன் மேலே இருப்பதை எடுக்க வேண்டும், தேடக் கூடாது. பிறகு இன்னொரு சிக்கல் வந்தது. கொட்டகை சிறியது, எல்லாரும் ஒரே பந்தியில் உட்கார முடியாது. யார் முதலில்? ஜெயித்தவர்கள் முதல் பந்தி என்று பாத்திரக்கடை அணியின் மேனேஜர் சொன்னார். அது இயல்பாகத்தான் பட்டது. கல்யாண வீட்டில்கூடப் பெரிய மனிதர்கள்தானே முதல் பந்தி. செக்ரட்டரி, “பட்டியல்ல கடைசி யாரோ அவங்க முதல்ல உக்காரட்டும்” என்றார். ஏன் என்று கேட்டதற்கு, “தோத்தவனுக்குத்தான் பசி கூடுதல்” என்று ஒற்றை வரியில் முடித்துவிட்டார். அடுத்த ஆண்டு இதே முறையை ஆட்டக்காரர்களை எடுப்பதற்கும் கொண்டுவந்தார். புதிதாக வரும் பையன்களைக் கடைசி அணி முதலில் தேர்ந்தெடுக்கலாம். பந்தியில் பழகியிருந்ததால் யாரும் எதிர்த்துப் பேசவில்லை.

முதல் பந்தி எங்களுடையது என்பதைச் சொல்லத் தேவையில்லை. அது எவ்வளவு அவமானமாக இருந்தது என்பதைச் சொல்ல வேண்டும். மற்ற அணிகள் சுவரோரம் நிற்க, நாங்கள் மட்டும் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். சாம்பார் கொதிக்கக் கொதிக்க வரும், அப்பளம் முழுதாக வரும், பாயசத்தில் முந்திரி தெரியும். எதுவும் இறங்காது. கடற்கரை அணிப் பையன்கள் பின்னாலிருந்து, “போனக்காடே, நல்லாக் கழிச்சோ, நாளையும் நிங்ஙள்தன்னே” என்பார்கள், நன்றாகச் சாப்பிட்டாயா, நாளைக்கும் நீங்கள்தான் என்று. தலையைத் தூக்காமல் தின்றுவிட்டு எழுவோம். என்ன பாடுபட்டாவது இந்த முதல் பந்தியிலிருந்து எழுந்துவிட வேண்டும் என்று எங்களுக்குள் ஒரு வெறி வந்தது. பஸ்ஸில் தூங்கிக்கொண்டு போனவர்கள் ஆட்டத்தைப் பற்றிப் பேசிக்கொண்டு போகத் தொடங்கினோம். அதே சமயம் வயிறு நிறைந்த உடம்பு பயிற்சிக்கு எப்படி வளைந்து கொடுக்கும் என்பதையும் முதல் முறையாகப் பார்த்தோம். பாத்திரக்கடை அணியில் ஆட இடமில்லாமல் உட்கார்ந்திருந்தவர்களில் சிலர் லிமிட் காரணமாக மற்ற அணிகளுக்குப் பிரிந்து போயிருந்தார்கள். எங்களுக்கும் ஒரு நல்ல பின்வரிசைக்காரன் வந்தான். எல்லா அணியும் மெல்ல மெல்ல நெருங்கி வந்தன. சீசன் பாதி தாண்டியபோது, ஒரு வெற்றி நடுவே தூக்கிவிடும், ஒரு தோல்வி அடியில் தள்ளிவிடும் என்ற நிலை. கப்பலண்டிக்காரர் கடைசி விசில்வரை வறுத்துக்கொண்டிருந்தார்.

அப்படி ஒரு நாள் அரிசிக்கடை அணியோடு எங்களுக்கு ஆட்டம். நாங்கள் ஒரு கோல் அடித்தோம், மீதி நேரம் முழுக்க என் தலைமேல் பந்து மழை. என் இடது தோள் இன்றும் மழைக்காலத்தில் வலிப்பது அந்த ஆட்டத்தின் கடைசிப் பந்தால்தான். பிடித்துக்கொண்டு விழுந்தவன் விசில் கேட்கும்வரை எழுந்திருக்கவில்லை. அடுத்த ஆட்டத்தில் பாத்திரக்கடை அணி கடற்கரைப் பையன்களிடம் தோற்றது. கணக்குப் போட எங்களுக்குத் தைரியம் வரவில்லை. குளித்துவிட்டு வழக்கம்போல் கொட்டகைக்குள் நுழைந்து தட்டை எடுக்கப் போனோம். வாசலில் செக்ரட்டரி கையை நீட்டித் தடுத்தார். முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

“போனக்காடு கொஞ்சம் வெயிட் பண்ணணும்.”

ஒரு நொடி எங்களுக்கு விளங்கவில்லை. விளங்கியதும் முன்வரிசைப் பையன் சுவரில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதுவிட்டான். நாங்கள் சுவரோரம் வரிசையாக நின்றோம். சாம்பார் வாசனை வந்தது, வயிறு கத்தியது, தோள் தெறித்தது. அவ்வளவு பசியோடு அவ்வளவு சந்தோஷமாக நான் வாழ்க்கையில் நின்றதில்லை. உள்ளே பாத்திரக்கடை அணி தலையைக் குனிந்துகொண்டு முதல் பந்தியில் உட்கார்ந்திருந்தது. அவர்களுடைய முதலாளி வாசலில் கொஞ்ச நேரம் நின்றார். கிளம்பிப் போய்விடுவார், அணியையும் கூட்டிக்கொண்டு போய்விடுவார் என்று எல்லாரும் நினைத்தோம். அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். வேட்டியை மடித்துக் கட்டினார். சாம்பார் வாளியைக் கையில் எடுத்துத் தன் பையன்களுக்குக் குனிந்து குனிந்து ஊற்றினார். அடுத்த பந்தியில் எங்களுக்கும் அவர்தான் பரிமாறினார். என் முன்னால் வந்ததும் வாளியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “அன்னைக்கே சாப்பிடக் கூப்பிட்டேன். இப்பத்தான் வந்திருக்கே. தின்னுடே” என்றார். அந்த வருடக் கோப்பை கடற்கரை அணிக்குப் போயிற்று. எங்கள் கமிட்டி கூடியது, தலைவர் அடுத்த ஆண்டுக்கு அணியின் பெயரைப் பதிவு செய்தார்.

நகரம் வளர்ந்து, அணிகளுக்குத் தனித்தனி விடுதி வந்து, கொட்டகைச் சமையல் நின்றபோது செக்ரட்டரி என்னைக் கூப்பிட்டு ஒரு தட்டை எடுத்துக்கொள்ளச் சொன்னார். கனமான ஒன்றைத் தேடிக் கையை உள்ளே விட்டேன். “மேல இருக்கதை எடு” என்றார். அப்படி வந்ததுதான் இந்தத் தகரம். அவர் போன வருடம் காலமானார். உச்சவரம்பும் அடிவரம்பும் கேட் வசூல் பங்கும் இன்றும் எங்கள் விதியில் இருக்கின்றன. இத்தனை வருடத்தில் எந்த அணியும் தொடர்ந்து கோப்பையை வைத்துக்கொள்ளவில்லை. எந்த அணியும் கலையவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு லிமிட்டை எடுத்துவிட வேண்டும் என்று ஒரு தீர்மானம் வந்திருந்தது. கொண்டுவந்தவர் பாத்திரக்கடையின் இன்றைய முதலாளி, அன்றைய முதலாளியின் மகன். அந்தக் காலத்தில் வெளியூரில் படித்துக்கொண்டிருந்தவர், பிறகு வளைகுடாவில் பல வருடம். அப்பா இறந்த பிறகு திரும்பி வந்து கடையையும் அணியையும் எடுத்துக்கொண்டார். இந்த வருடம் அவருடைய அணி கடைசி. ஒரு மாதமாக எனக்குப் போன் செய்துகொண்டிருந்தார். “சேட்டா, ஒரு சீசன் மட்டும் லிமிட்டைத் தள்ளி வையுங்க. நல்ல ப்ளேயர்ஸை இறக்கினா ஆளு தன்னால வரும்லா.” முடியாது என்று ஒவ்வொரு முறையும் சொன்னேன். ஓட்டெடுப்பில் அந்தத் தீர்மானம் தோற்றது. அவரே கடைசியில் அதற்குக் கை தூக்கவில்லை. ஆனால் நான் சொல்ல வந்தது ஓட்டெடுப்புக்கு முன்னால் நடந்த சாப்பாட்டைப் பற்றி.

எல்லா வருடமும் அவரவர் தட்டை எடுத்துப் போட்டுக்கொள்ளும்படி சாப்பாட்டை மேஜைமேல் வைப்பார்கள். இந்த வருடம் நான் பந்தி போடச் சொல்லியிருந்தேன். அறை சிறியது, ஒரே தடவையில் எல்லாரும் உட்கார முடியாது. நான் எதிர்பார்த்ததும் அதுதான். மற்ற முதலாளிகளைச் சுவரோரம் நிற்கச் சொல்லிவிட்டு, பாத்திரக்கடைக்காரரை மட்டும் அழைத்து, பையிலிருந்து என் தட்டை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். மற்றவர்கள் நிற்கும்போது தான் மட்டும் உட்காருவது அவருக்குச் சங்கடமாக இருந்தது. குனிந்து தட்டைப் பார்த்தார். விளிம்பில் விரலை வைத்துத் தடவினார். “இது நம்ம கடைத் தட்டுல்லா?” என்றார்.

“உங்க அப்பா குடுத்ததுங்க. எங்களுக்குச் சோறு போட.”

“அப்பா இதைப் பத்தி எங்கிட்ட ஒண்ணும் சொன்னதில்லையே.” குரல் இறங்கிவிட்டது. சுவரோரம் நின்றவர்களை ஒருமுறை பார்த்தார். “எல்லாரும் நிக்குதாங்க. நான் மட்டும் எதுக்கு முதல்ல?”

“கடைசி டீமுக்குத்தான் இங்க முதல் பந்தி” என்றேன். “இன்னைக்கு உக்காருங்க. அடுத்த வருசம் உங்களை வெயிட் பண்ண வைக்கிறோம்.”

அவர் தட்டைக் கையிலெடுத்து நேராக வைத்தார். பிறகு சம்மணம் போட்டு உட்கார்ந்தார். நான் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, சோற்று வாளியை எடுத்து அவர் தட்டில் பரிமாறத் தொடங்கினேன்.